ஏழெழுத்தும் ஏணியும்



ஒரே ஒரு புரதத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் ஃபாக்ஸ்பி3. மனித உடம்பில் அது 431 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. புரதங்களுக்குள் பெரியதும் இல்லை, மிகச் சிறியதும் இல்லை. 2025 அக்டோபரில் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவித்தபோது இந்தப் பெயர் செய்திகளில் இரண்டு நாள் அடிபட்டது. இந்தப் புரதம் உடம்பில் என்ன காவல் வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்ததற்கு அந்தப் பரிசு. அது டி.என்.ஏவின் மேல் எப்படி உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்கிறது என்பது தனிக்கதை. அதில் ஒரு படம் பதினோரு ஆண்டுகள் நிலைத்து நின்றது. பிறகு கலைத்து வரைய வேண்டி வந்தது. நான் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

முதலில் காவல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் டி செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எல்லாம் அழிவதில்லை. தப்பி வெளியே வருபவற்றைக் கட்டிவைக்க இன்னொரு வகை டி செல் தேவைப்படுகிறது. அதை ஒழுங்குபடுத்தும் டி செல் என்கிறோம். அப்படி ஒரு செல் உண்டு என்பதையே நம்ப ஆளில்லாத காலத்தில், 1995-இல், மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தை ஏந்திய டி செல்கள்தாம் அவை என்று அடையாளம் காட்டியவர் சகாகுச்சி.

மற்ற இருவரின் பாதை ஓர் எலியிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுந்தது. கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்யும் என்று பார்க்க அங்கே எலி வளர்த்தார்கள். 1940-களின் கடைசியில் அந்த எலிகளுக்குள் தானாகவே ஒரு கோளாறு தோன்றியது. ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரல் வீங்கும், சில வாரங்களில் செத்துப்போகும். 'ஸ்கர்ஃபி' என்று பெயர் வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமின் ஏறத்தாழ 17 கோடி எழுத்துகளுக்குள் இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி ஐந்து லட்சம் எழுத்துகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாகச் சோதித்ததில் குறை இருந்தது இருபதாவதில். 2001-இல் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் மனிதக் குழந்தைகளிலும் அதே மரபணுக் குறை கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு ஐபெக்ஸ் என்று பெயர். ஆண் குழந்தைகளைத் தாக்கும். பிறந்த சில மாதங்களிலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி என்று உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும்.

ஸ்கர்ஃபி எலியின் மரபணுவில் நடந்ததென்ன? இரண்டே இரண்டு எழுத்துகள் கூடுதலாக நுழைந்துவிட்டன. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் வாசிக்கும். இரண்டு எழுத்து புகுந்தால் அதற்குப் பின்னால் எல்லாமே இடம் மாறி உளறலாகிவிடும். புரதத்தின் கடைசிப் பகுதி உருவாகாமலே நின்றுவிட்டது. அந்தக் கடைசிப் பகுதிதான் டி.என்.ஏவைப் பிடிக்கும் பகுதி. ஃபாக்ஸ்பி3 ஒரு படியெடுப்புக் காரணி, அதாவது டி.என்.ஏவில் உட்கார்ந்துகொண்டு எந்த மரபணுவைப் படியெடுக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்று முடிவு செய்யும் புரதம். பிடிக்கும் பகுதி போனால் எல்லாம் போயிற்று.

அந்தப் பகுதிக்கு ஃபோர்க்ஹெட் என்று பெயர். பழ ஈயில் முதலில் கண்டுபிடித்தார்கள். இந்த மரபணு கெட்ட ஈயின் கருவுக்குத் தலைப்பகுதி கவைபோல் பிளந்திருந்ததால் வந்த பெயர். மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் புரதங்கள் உண்டு. எச்.என்.எஃப்-3 என்ற கல்லீரல் புரதத்தின் ஃபோர்க்ஹெட் பகுதி டி.என்.ஏவோடு சேர்ந்து இருக்கும் வடிவத்தை 1993-இல் ஸ்டீஃபன் பர்லியின் குழு எக்ஸ் கதிர் படிகவியல் வழியாகக் கண்டது. இந்தக் குடும்பத்தின் முதல் படம் அதுதான். பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன்னால் வேறொரு புரதத்தின் படம் வெளிவந்திருந்தது, டி.என்.ஏவைச் சுற்றிக் கட்டிவைக்கும் ஹிஸ்டோன் எச்5. அதைத் தீர்த்த குழுவின் தலைவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமுக்காக 2009-இல் நோபல் வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். எச்5 வேலை அவ்வளவாக வெளியே பேசப்படுவதில்லை. இரண்டு புரதங்களின் மடிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஒன்று எழுத்தை வாசிப்பது, மற்றொன்று எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் டி.என்.ஏவைச் சுருட்டிவைப்பது. வேலை வேறு, உடல் ஒன்று. இந்த ஒற்றுமையை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி அந்தப் பிடியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். டி.என்.ஏவின் இரட்டைச் சுருளில் வெளியே இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. ஒன்று அகலமானது, ஒன்று குறுகியது. எழுத்துகளின் ஓரங்கள் பள்ளத்துக்குள் தெரியும். ஃபோர்க்ஹெட் பகுதியில் மூன்று சிறு சுருள்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. மூன்றாவது சுருள் அகலப் பள்ளத்துக்குள் நேராக இறங்கி உட்காருகிறது. ஃபாக்ஸ்பி3-இல் அந்தச் சுருளில் 383-ஆம் இடத்தில் ஓர் அஸ்பாரஜின், 387-இல் ஒரு ஹிஸ்டிடின். அஸ்பாரஜின் ஓர் அடினினின் ஓரத்தோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் போடுகிறது. வேறு எழுத்து வந்தால் அந்த இரண்டும் ஒருசேரப் பொருந்தாது. வாசிப்பது என்று நாம் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: அரை நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சில அணுக்கள் பொருந்துகின்றனவா இல்லையா என்பது.

இப்படி வாசித்து இந்தக் குடும்பம் தேடும் சொல்லுக்கு ஏழு எழுத்து. தைமினுக்கு 'த', குவானினுக்கு 'க', அடினினுக்கு 'அ', சைட்டோசினுக்கு 'ச' என்று வைத்துக்கொண்டால் அந்தச் சொல்லை இப்படி எழுதலாம்:

த க த த த அ ச

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நான்கு எழுத்து வைத்து ஏழெழுத்துச் சொல் 16,384 எழுதலாம். மனித மரபுத்தொகுதி 320 கோடி எழுத்து. ஆக, ஒரு குறிப்பிட்ட ஏழெழுத்துச் சொல் தற்செயலாகவே ஓர் இழையில் இரண்டு லட்சம் முறை வரும். இரண்டு இழையையும் சேர்த்தால் நான்கு லட்சம். ஆனால் உயிருள்ள செல்லில் ஃபாக்ஸ்பி3 உட்கார்ந்திருக்கும் இடங்களைத் தேடி எண்ணினால் சில ஆயிரம்தான் தேறுகின்றன. சரி, நான்கு லட்சத்தில் நல்ல இடமாகச் சில ஆயிரத்தைத் தேர்ந்தெடுக்கிறது போலும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முடியவில்லை. உட்கார்ந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஏழெழுத்துச் சொல்லே இல்லை! இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பத்தில் ஏறத்தாழ ஐம்பது பேரும் ஏறக்குறைய இதே சொல்லைத்தான் தேடுகிறார்கள். கல்லீரல் புரதமும் நோய் எதிர்ப்புப் புரதமும் ஒரே சொல்லைப் படிக்கின்றன என்றால் ஃபாக்ஸ்பி3-இன் தனித்தன்மை எங்கிருந்து வருகிறது? இது பல ஆண்டுகள் சங்கடம் கொடுத்த கேள்வி.

2011-இல் ஒரு விடை வந்தது. அஞ்சனா ராவ், லின் சென் இருவரின் குழுக்களும் சேர்ந்து ஃபாக்ஸ்பி3-இன் ஃபோர்க்ஹெட் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, அதோடு கூட்டுச்சேரும் என்ஃபாட் என்ற இன்னொரு நோய் எதிர்ப்புக் காரணியையும் டி.என்.ஏவையும் சேர்த்துப் படிகமாக்கின. கண்ட காட்சி விசித்திரமானது. இரண்டு ஃபாக்ஸ்பி3 மூலக்கூறுகள் உறுப்புகளை மாற்றிக்கொண்டிருந்தன. ஒரு சங்கிலியின் முன்பாதி, தன் சொந்தப் பின்பாதியோடு மடியாமல் அடுத்த சங்கிலியின் பின்பாதியோடு மடிந்திருந்தது. அதன் பின்பாதி இதன் முன்பாதியோடு. இப்படி உருவான இணையில் டி.என்.ஏ பிடிக்கும் முகங்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையைப் பார்த்தன. ஆகவே அது ஒரே டி.என்.ஏவைப் பிடிக்காமல் இரண்டு தனித்தனி டி.என்.ஏக்களைப் பிடித்து இணைத்தது. குரோமோசோமில் தூரமாக இருக்கும் இரண்டு இடங்களை ஃபாக்ஸ்பி3 இழுத்துப் பக்கத்தில் வைக்கிறது என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது. மற்ற ஃபோர்க்ஹெட் புரதங்கள் பொதுவாக இதைச் செய்வதில்லை. எனவே தனித்தன்மைக்கும் விடை கிடைத்தாற்போல் இருந்தது. படம் தெளிவு, கருத்து அழகு. இத்துறையில் இருந்தவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள்.

படிகத்தின் மேல் குற்றமில்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். கொடுத்ததை அது உண்மையாகவே காட்டியது. கொடுத்தது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் சன் ஹர் என்ற ஆய்வாளரின் குழு இருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏவை நம் செல் எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் பெயர் பெற்ற குழு. ஆர்.என்.ஏவின் மேல் வரிசையாக ஏறி உட்காரும் புரதங்களைப் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு. அவர்கள் ஃபாக்ஸ்பி3-ஐக் கையில் எடுத்தபோது ஃபோர்க்ஹெட் பகுதியோடு அதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சிறு துண்டையும் விட்டுவைத்தார்கள். ரன்எக்ஸ்1 என்ற துணைப்புரதம் வந்து ஒட்டும் துண்டு அது. 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் துண்டு இருந்தால் ஃபாக்ஸ்பி3 உறுப்பு மாற்றிக்கொள்வதில்லை! ஒவ்வொரு சங்கிலியும் ஒழுங்காகத் தன்னோடு தானே மடிகிறது. இரண்டு மூலக்கூறுகள் தலைக்குத் தலை வைத்து ஒரே டி.என்.ஏவில் இணையாக உட்காருகின்றன. துண்டை வெட்டினால்தான் மாற்றி மடிகிறது. பதினோரு ஆண்டு படம் வெட்டுப்பட்ட புரதத்தின் படம். 337-ஆம் இடத்தில் அர்ஜினின் போய் குளுட்டமின் வந்திருக்கும் ஐபெக்ஸ் நோய்க்குறை ஒன்று உண்டு. அந்த ஒற்றை மாற்றமே புரதத்தைத் தவறாக மடிய வைத்தது. ஆரோக்கியத்தின் வடிவம் என்று நினைத்திருந்தது நோயின் வடிவமாக முடிந்தது.

புரதத்தை வெட்டியெடுப்பது சோம்பலால் அல்ல. சங்கிலியில் தளர்வாக ஆடும் பகுதிகள் இருந்தால் படிகம் வராது. ஆடாத துண்டைத் தேர்ந்தெடுப்பது படிகவியலின் அன்றாட வேலை. வேறு வழியில்லாத காலத்தில் அதைத்தான் செய்ய முடியும். கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு நிலைமை மாறியது. கரைசலை மெல்லிய படலமாக்கிக் குளிர்ந்த திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்தினால் நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அதற்குள் மூலக்கூறுகள் கரைசலில் இருந்த நிலையிலேயே நிற்கும். ஆயிரக்கணக்கான தனித்தனி மூலக்கூறுகளைப் படமெடுத்துச் சேர்த்தால் முப்பரிமாண வடிவம் கிடைக்கும். படிகம் தேவையில்லை. இந்த முறைக்கு 2017-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

வெட்டின கதை இப்படி. மாற வேண்டிய இன்னொன்றும் இருந்தது, அது டி.என்.ஏ. படிகத்துக்காக எல்லோரும் கொடுத்த டி.என்.ஏ, அந்த ஏழெழுத்துச் சொல்லோ அதன் உறவோ இருக்கும் ஒரு குட்டைத் துண்டு. அதைத்தான் பிடிக்கும் என்று நினைத்துக் கொடுத்தோம், அது பிடித்தது, பிடித்ததால் அதைத்தான் பிடிக்கும் என்று உறுதி செய்துகொண்டோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இந்த இடம். ஹர் குழு சொல்லைக் கொடுக்கவில்லை. எலியின் மரபுத்தொகுதி டி.என்.ஏ முழுவதையும் துண்டு துண்டாக்கி, ஹிஸ்டோன் எதுவும் ஒட்டாத வெறும் டி.என்.ஏவாக, பெருமளவு முழுமையான ஃபாக்ஸ்பி3-யோடு கலந்தார்கள். எது ஒட்டுகிறதோ அதை மட்டும் பிரித்து வாசித்தார்கள். தேர்வைப் புரதத்திடமே விட்டுவிட்டார்கள்.

அது தேர்ந்தெடுத்தது ஏழெழுத்துச் சொல்லை அல்ல. இதை:

த த த க த த த க த த த க

மிருதங்கம் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். ஒரே சொற்கட்டு திரும்பத் திரும்ப. இப்படி ஒரு சிறு கோவை அடுத்தடுத்து அடுக்கி வரும் பகுதிகளை மைக்ரோசாட்டிலைட் என்பார்கள். தந்தை யார் என்று சோதிக்கவும் குற்றவாளியை அடையாளம் காணவும் இத்தகைய அடுக்குகளின் நீளத்தைப் பயன்படுத்துவார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால். அதற்கு மேல் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை என்றே நீண்ட காலம் கருதினோம். கணினியில் வரிசைகளை ஆராயும்போது இவற்றை முகமூடி போட்டு மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கமாகவே இருந்தது.

இந்த அடுக்கை மூன்றாவது எழுத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். 'த க த த த க த' என்று வரும். பழைய ஏழெழுத்துச் சொல்லோடு ஒப்பிடுங்கள்: 'த க த த த அ ச'. முதல் ஐந்தெழுத்து அப்படியே இருக்கிறது. கடைசி இரண்டு மட்டும் வேறு. ஒற்றை மூலக்கூறாகப் பார்த்தால் இது இரண்டாந்தரமான பொருத்தம். ஆனால் அடுக்கு முழுவதும் இந்த ஏழெழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும். ஒரு மூலக்கூறுக்குப் பலவீனமான பிடி. பத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அசைக்க முடியாத பிடி.

பத்து என்று சும்மா சொல்லவில்லை. 2023-இல் வெளிவந்த கிரையோ படத்தில் இருந்தவை பத்து. இரண்டு டி.என்.ஏ இரட்டைச் சுருள்கள் இணையாக நீண்டு ஓடுகின்றன. அவற்றுக்கு இடையில் ஐந்து இணை ஃபாக்ஸ்பி3. இணையில் ஒன்று இந்தப் பக்கத்து டி.என்.ஏவையும் மற்றது அந்தப் பக்கத்து டி.என்.ஏவையும் பிடித்திருக்க, இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏணியேதான்: டி.என்.ஏ இரண்டும் நெடுமரம், புரத இணைகள் படிகள். கட்டுரையாசிரியர்களும் ஏணி என்றுதான் எழுதினார்கள். ஒவ்வொரு ஃபாக்ஸ்பி3-யும் தன் ஏழெழுத்தைப் பிடித்திருக்கும் விதம் பழைய சொல்லைப் பிடிக்கும் விதத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இருந்தது. 1993-இல் பர்லி குழு கண்ட பிடி இங்கேயும் பொய்க்கவில்லை. மாறியதெல்லாம் புரதமும் புரதமும் தொடும் இடங்கள்தாம்.

ஏணி ஆய்வுக்குழாயில் மட்டும் வரும் மாயமா என்று கேட்க வேண்டும்; கேட்டார்கள். ஒரே படியின் இரண்டு மூலக்கூறுகள் முட்டும் இடத்தில் மட்டும் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். அப்படி மாற்றிய புரதம் பழைய ஏழெழுத்துச் சொல்லை வழக்கம்போல் பிடித்தது, குறையே இல்லை. ஆனால் அடுக்கைப் பிடிக்கவில்லை, இரண்டு டி.என்.ஏவை இணைக்கவில்லை, செல்லுக்குள் தன் வேலையையும் செய்யவில்லை. டி.என்.ஏ பிடியையும் ஏணியையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

2011-இன் கருத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். தூரமான இரண்டு டி.என்.ஏவை ஃபாக்ஸ்பி3 இணைக்கிறது என்றார்கள். வடிவம் தவறிப்போனது, இணைக்கிறது என்பது தவறவில்லை. அறிவியலில் இப்படிப் பாதி சரியாவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் பாதி சரியானவர்களுக்கு நாம் உரிய மரியாதை தருவதில்லை.

ஃபாக்ஸ்பி3-க்குத் 'தததக' மட்டும்தான் வேண்டும் என்றில்லை. த இரண்டு முதல் ஐந்து வரை இருக்கலாம், முடிவில் ஒரு க. படிகளுக்கு இடையிலான தூரம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. செல்லில் அது உட்காரும் இடங்கள் ஏன் ஒரே சொல்லில் அடங்கவில்லை என்ற பழைய புதிர் இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அடுத்து 2024-இல் ஹர் குழு காட்டியது இன்னும் விநோதம்: அடுக்கின் எழுத்துக்கு ஏற்றபடி புரதம் வெவ்வேறு கூட்டுவடிவம் எடுக்கிறது, இரண்டு மட்டுமல்ல, மூன்று, நான்கு டி.என்.ஏக்களைக்கூட ஒரே இடத்தில் இணைக்கிறது. ஹிஸ்டோன்களைச் சுற்றி டி.என்.ஏ வளைந்திருக்கும் நியூக்ளியோசோம் பக்கத்தில் இருந்தால் அந்த வளைவு இந்தக் கூட்டத்துக்குத் தடையாகாமல் தொடக்கம் அமைத்துக் கொடுக்கிறது. ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, எச்5-க்கும் ஃபோர்க்ஹெட்டுக்கும் உள்ள உடல் ஒற்றுமை. ஒன்று நியூக்ளியோசோமை இறுக்குவது. மற்றொன்று நியூக்ளியோசோமின் உதவியோடு ஏணி கட்டுவது. இதற்குமேல் அந்த உறவை இழுத்தால் என் கற்பனையாகிவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மருத்துவர்களுக்காக. ஐபெக்ஸ் என்று சந்தேகப்படும் குழந்தையின் மரபணுவை வாசித்து, ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று அறிக்கை வருகிறது. அந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணமா, இல்லை ஊருக்கு ஊர் இருக்கும் சாதாரண வேறுபாடா? எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போகலாமா என்பதுவரை அந்தப் பதிலைப் பொறுத்தது. 397-ஆம் இடத்து அர்ஜினின் டிரிப்டோஃபனாகியிருந்தால் டி.என்.ஏ பிடியே கெடும். எந்தச் சோதனையிலும் தெரிந்துவிடும். படியின் முட்டுமுகத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தால், ஏழெழுத்துத் துண்டை வைத்துச் செய்யும் சோதனையில் அந்தப் புரதம் முழு மதிப்பெண் வாங்கிவிடும். குழந்தையின் நோய்க்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று தேடப் போய்விடுவார்கள். சோதனைச் செலவில் ஒரு குட்டை டி.என்.ஏ துண்டின் விலை பெரிதல்ல. ஏழெழுத்துத் துண்டு இருக்கும் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாயில் தததக அடுக்கும் இருக்க வேண்டும்.